சவூதியில் ராஜாவை யார் எதிர்க்கிறார்கள்? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரியாத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 16 வருஷம் கணக்கு எழுதினேன். 1992இல் போனவன், 2008இல் ஊர் திரும்பினேன். அன்றிலிருந்து கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் ஆளுக்கொரு சந்தேகம். ஒட்டகம், பெட்ரோல் விலை, தலைவெட்டு எல்லாம் கேட்டு முடித்த பிறகு பேச்சு ஓர் இடத்துக்கு வந்து நிற்கும்: அங்கே ராஜாவை எதிர்த்து ஒருத்தன்கூடப் பேசமாட்டானா? பேசுவார்கள், அதிலும் முன்வரிசையில் நின்றவர்கள் தாடி வைத்த ஆலிம்கள், அதாவது மார்க்க அறிஞர்கள்தான் என்றால் யாரும் நம்புவதில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

சவூதியே முஸ்லிம் நாடு, ஷரீஅத் சட்டம். அப்புறம் எதுக்கு அங்க இஸ்லாத்தை வச்சு அரசாங்கத்தை எதிர்க்கிறாங்க?

அதனால்தான் எதிர்க்கிறார்கள். 1744 வாக்கில், ரியாத்துக்குப் பக்கத்தில் திர்இய்யா என்ற ஊரில் இரண்டு பேர் கைகோத்தார்கள். ஒருவர் ஊரை ஆண்ட முஹம்மது பின் சவூத், இன்னொருவர் மார்க்கப் பெரியவர் முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாப். வாள் உங்கள் பொறுப்பு, மார்க்கம் என் பொறுப்பு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சாரம். நடுவில் இரண்டு முறை ஆட்சி அழிந்தும், 1902இல் அப்துல் அஸீஸ் ரியாத்தைப் பிடித்து 1932இல் இன்றைய சவூதியை அறிவித்தபோதும் அந்த ஏற்பாடு கூடவே வந்தது. 1992இல் வந்த அடிப்படைச் சட்டத்தின் முதல் பிரிவே, இறைவேதமும் நபிவழியும்தான் நாட்டின் அரசியல் சாசனம் என்கிறது.

நான் கணக்கெழுதியவன், அந்தப் பாஷையிலேயே சொல்கிறேன். "இந்தப் புத்தகப்படிதான் கடை நடத்துகிறேன்" என்று முதலாளியே கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டிவிட்டால், அந்தப் புத்தகத்தைப் படித்த எவனும் உள்ளே வந்து கணக்குக் கேட்கலாம். கட்சி கிடையாது, தொழிற்சங்கம் கிடையாது, ஓட்டுப்போட்டு வரும் பாராளுமன்றம் கிடையாது. கூடிப்பேச இருந்த இடம் பள்ளிவாசல். எல்லாருக்கும் புரிகிற நியாயம் மார்க்கம்.

வஹ்ஹாபி, ஸலஃபி, இஹ்வான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை. வஹ்ஹாபி என்பது வெளியில் இருப்பவர்கள் வைத்த பெயர். ரியாத்தில் யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் முகம் சுளிப்பார்கள். ஸலஃபி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர்களுடைய பெரிய கவலை வணக்கத்தைப் பற்றியது: கப்று (கல்லறை), தர்கா, தாயத்து, இணைவைப்பு. முஸ்லிம் பிரதர்ஹுட் எனப்படும் இஹ்வானுல் முஸ்லிமூன் எகிப்து சமாச்சாரம். 1928இல் இஸ்மாயிலியா நகரில் ஹசன் அல் பன்னா என்ற பள்ளி ஆசிரியர் தொடங்கியது. அவர்களுடைய கவலை ஆட்சியைப் பற்றியது: யார் ஆள்கிறார், எந்தச் சட்டத்தில் ஆள்கிறார், வெள்ளைக்காரப் பட்டாளம் ஏன் இன்னும் போகவில்லை. கப்றின் மேல் போர்வை கிடந்தால் முன்னவருக்குக் கோபம் வரும், கோட்டையின் மேல் அந்நியன் கொடி பறந்தால் பின்னவருக்குக் கோபம் வரும்.

குழப்பத்துக்கு இன்னொன்று. அப்துல் அஸீஸின் பழைய பதூவி (பாலைவன நாடோடி) படைக்கும் இஹ்வான் என்றுதான் பெயர். அதற்கும் எகிப்து அமைப்புக்கும் சம்பந்தமில்லை. கீழே அந்தப் படையைப் பற்றி வரும்போது "பழைய இஹ்வான்" என்றே எழுதுகிறேன்.

ஆட்சியாளருக்குக் கட்டுப்படணும்னு குர்ஆன்லயே இருக்கே. அப்புறம் எப்படி ஒரு ஆலிம் எதிர்க்க முடியும்?

4:59 வசனத்தைச் சொல்கிறீர்கள். அல்லாஹ்வுக்குக் கட்டுப்படுங்கள், தூதருக்கும் உங்களில் அதிகாரம் உடையவர்களுக்கும் கட்டுப்படுங்கள். வசனம் அதோடு முடியவில்லை. ஏதாவது ஒன்றில் உங்களுக்குள் பிணக்கு வந்தால் அதை அல்லாஹ்விடமும் தூதரிடமும் கொண்டுபோங்கள் என்று தொடர்கிறது. அரசு முஃப்தி முதல் பாதியை அழுத்திச் சொல்வார். எதிர்ப்பவர் இரண்டாம் பாதியிலிருந்து தொடங்குவார். சவூதியின் மார்க்க அரசியலை இந்த ஒரு வசனத்தை வைத்தே பாதி விளக்கிவிடலாம்.

பின் பாஸ் போன்ற பெரிய உலமாக்களின், அதாவது மூத்த ஆலிம்களின் நிலை இது: ஆட்சியாளரிடம் தவறு கண்டால் தனியாகப் போய் நஸீஹத் (அறிவுரை) செய், மிம்பர் என்ற பள்ளிவாசல் மேடையில் ஏறிச் சொல்லாதே, சொன்னால் ஃபித்னா (குழப்பம்), ஊரே இரண்டுபடும். மற்றவர்கள் கேட்டது: தனியாகச் சொல்லி எத்தனை வருஷமாகக் கேட்டார்கள்?

முதல்ல எதிர்த்தது யாரு?

ராஜா தானே வளர்த்த படைதான். 1912 வாக்கிலிருந்து பதூவிகளை அல் அர்தாவிய்யா போன்ற குடியேற்றங்களில் உட்காரவைத்து, மார்க்கம் சொல்லிக்கொடுத்து, போருக்கு அனுப்பினார் அப்துல் அஸீஸ். அந்தக் குடியேற்றத்துக்குப் பெயரே ஹிஜ்ரா. மக்காவும் மதீனாவும் கையில் வந்தது இந்தப் பழைய இஹ்வான்களால். பிறகு இராக், டிரான்ஸ்ஜோர்டான் எல்லையில் ஆங்கிலேயர் நின்றார்கள். ராஜா போதும் என்றார். ஜிஹாதுக்கு ஏது எல்லைக்கோடு என்று படை கேட்டது. கார், தந்தி எல்லாமே அவர்களுக்குச் சந்தேகப் பொருள். 1929 மார்ச்சில் ஸபிலா என்ற இடத்தில் ராஜாவின் இயந்திரத் துப்பாக்கிகள் ஒட்டகப் படைக்குப் பதில் சொல்லின.

1965இல் டெலிவிஷன் வந்தபோது அதை எதிர்த்து நிலையத்தைத் தாக்கப்போன கும்பலின் தலைவர் காலித் பின் முஸாயித் என்ற இளவரசரே. போலீஸ் சுட்டதில் இறந்தார். பத்து வருஷம் கழித்து, 1975 மார்ச் 25 அன்று மன்னர் பைசலைச் சுட்டுக்கொன்றவர் அந்த இளவரசரின் தம்பி.

1979ல கஃபாவுல என்னதான் நடந்துச்சு? ஈரான்காரன் செஞ்சான்னு எங்க ஊர்ல சொல்வாங்க.

ஈரான்காரன் அல்ல. நவம்பர் 20, ஹிஜ்ரி 1400இன் முதல் நாள், கஃபாவைச் சுற்றியுள்ள ஹரம் பள்ளிவாசலில் அதிகாலை சுபுஹுத் தொழுகை முடிந்த நேரம். ஜனாஸா தொழவைக்கக் கொண்டுவருவதுபோல் சந்தூக்குகளில் (சவப்பெட்டிகளில்) துப்பாக்கிகள் உள்ளே வந்திருந்தன. ஜுஹைமான் அல் உதைபி என்பவரின் தலைமையில் சில நூறு பேர் வாசல்களை அடைத்தார்கள். மைக் அவர்கள் கைக்குப் போனது. கூட வந்த முஹம்மது அல் கஹ்தானி என்ற இளைஞர்தான் கடைசிக் காலத்தில் வரவேண்டிய மீட்பரான மஹ்தி, அவருக்கு பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்யுங்கள் என்று ஹரமின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

ஜுஹைமான் தேசியக் காவல் படையில் இருந்தவர். மதீனாவில் பின் பாஸ் ஆசியோடு தொடங்கிய ஒரு ஸலஃபி கூட்டத்தில் வளர்ந்து, பிறகு தனிவழி போனவர். அவருடைய சொந்த ஊர் ஸாஜிர், பழைய இஹ்வான்களின் குடியேற்றம். 50 வருஷத்துக்கு முன் ஸபிலாவில் தோற்றவர்களின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். அரச குடும்பம் நபியின் குலமான குறைஷ் வம்சமல்ல, காஃபிர்களோடு கூட்டு, அதனால் அவர்களுக்குச் செய்த பைஅத் செல்லாது என்பது அவருடைய வாதம்.

ஹரமுக்குள் ஆயுதம் தூக்குவதே ஹராம். அதனால் மன்னர் காலித் முதலில் உலமாக்களிடம் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வாங்க வேண்டியிருந்தது. ராணுவம் கையில் இருந்தும் ஆலிம்களின் கையெழுத்துக்காக அரசு காத்திருந்த நாட்கள் அவை. கையெழுத்து வந்தது. பாதாள அறைகளிலிருந்து எல்லாரையும் வெளியே இழுக்க இரண்டு வாரம் ஆனது, பிரெஞ்சு கமாண்டோக்களின் ஆலோசனையும் தேவைப்பட்டது. மஹ்தி எனப்பட்டவர் சண்டையிலேயே இறந்தார். 1980 ஜனவரி 9 அன்று ஜுஹைமான் உட்பட 63 பேருக்கு எட்டு நகரங்களில் தண்டனை நிறைவேறியது.

முஸ்லிம் பிரதர்ஹுட் எகிப்து ஆளுங்க. அவங்க சவூதிக்குள்ள எப்படி வந்தாங்க?

வாத்தியார்களாக வந்தார்கள். எகிப்து ஜனாதிபதி நாஸர் அவர்களைச் சிறையில் தள்ளினார், 1966இல் அவர்களுடைய எழுத்தாளர் ஸையித் குத்பைத் தூக்கிலிட்டார். நாஸர் சவூதி அரச குடும்பத்துக்கும் எதிரி. எதிரிக்கு எதிரி நண்பன் என்று பைசல் அவர்களுக்கு விசா கொடுத்தார். எண்ணெய்ப் பணத்தில் பள்ளிக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும் முளைத்துக்கொண்டிருந்த காலம், படித்த உள்ளூர் ஆட்கள் குறைவு. 1961இல் மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகம், 1962இல் மக்காவில் உலக முஸ்லிம் லீக். இரண்டிலும் வந்தவர்களுக்கு இடமிருந்தது. ஸையித் குத்பின் தம்பி முஹம்மது குத்ப் மக்காவில் பாடம் நடத்தினார். அவரிடம் மதச்சார்பின்மையைப் பற்றி ஆய்வு செய்த மாணவர் ஸஃபர் அல் ஹவாலி. பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

ஸஹ்வா, ஸஹ்வான்னு படிக்கிறேன். அது கட்சியா, இயக்கமா?

இரண்டும் இல்லை, ஒரு தலைமுறை. ஸஹ்வா என்றால் விழிப்பு. மேலே இரண்டாவது பதிலில் சொன்ன இரண்டு கவலைகளும் ஒரே வகுப்பறையில் கலந்ததன் விளைவு: வணக்கத்தில் ஸலஃபி, அரசியலில் பிரதர்ஹுட். பள்ளிக்கூட விடுமுறை முகாம், குர்ஆன் மனனக் குழு, பல்கலைக்கழக மாணவர் வட்டம் என்று 70களிலும் 80களிலும் வளர்ந்தது. ஸஃபர் அல் ஹவாலியும், புரைதா பக்கத்துக்காரரான சல்மான் அல் அவ்தாவும் அதன் பெரிய குரல்கள்.

குரல் என்று வார்த்தைக்குச் சொல்லவில்லை, கேஸட்டைச் சொல்கிறேன். எங்கள் கடை மந்தூப், அதாவது அரசு ஆபீஸ் வேலைகளைப் பார்ப்பவன், ஒரு சவூதி இளைஞன், 25 வயதிருக்கும். இக்காமா (குடியிருப்பு அனுமதி) வேலையாக என்னை ஜவாஸாத் என்ற பாஸ்போர்ட் ஆபீசுக்கு அவனுடைய பிக்கப்பில்தான் கூட்டிப்போவான். டேஷ்போர்டு முழுக்க கேஸட். ஒன்றைப் போடுவான். மெதுவாக, பாடம் சொல்வதுபோல் ஆரம்பிக்கும். போகப்போக வேகம் பிடிக்கும். என் அரைகுறை அரபிக்கு அமெரிக்கா, ரிபா (வட்டி), உலமா என்று மூன்று வார்த்தைதான் பிடிபடும். அவன் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதுபோல் தட்டிக்கொண்டே வருவான். "ஷேக் சல்மான்" என்பான் பெருமையாக. ரியாத்தின் பத்ஹா கடைவீதியில் துணிக்கடைக்கும் கடிகாரக் கடைக்கும் நடுவில் தஸ்ஜீலாத் (ஒலிப்பதிவுகள்) என்று போர்டு போட்ட கேஸட் கடைகள் இருந்தன. சினிமாப் பாட்டு கிடையாது, பயான் என்ற மார்க்கப் பேச்சு மட்டும்தான்.

1994 செப்டம்பரில் இரண்டு ஷேக்குகளையும் பிடித்து உள்ளே போட்டார்கள். புரைதாவில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள், அங்கே அது சாதாரண விஷயமல்ல. அதற்குப் பிறகு ஒருநாள் பிக்கப்பில் ஏறினேன். டேஷ்போர்டு துடைத்து வைத்தாற்போல் இருந்தது, ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. கேஸட் எங்கே என்றேன். "கலாஸ்" (முடிந்தது) என்றான், அவ்வளவுதான்.

இவங்க எதுக்கு திடீர்னு அரசாங்கத்து மேல பாய்ஞ்சாங்க? அதுவரை சும்மாதானே இருந்தாங்க?

1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் குவைத்துக்குள் நுழைந்தார். சவூதி அரசு அமெரிக்கப் படையை வரவழைத்தது. மூத்த உலமா சபை அதற்கு ஃபத்வா கொடுத்தது. 1979இல் கேட்டு வாங்கிய அதே கையெழுத்து. ஆனால் இந்த முறை படித்த இளைஞர்கள் கேள்வி கேட்டார்கள். இத்தனை வருஷம் இத்தனை கோடிக்கு ஆயுதம் வாங்கினீர்களே, அதெல்லாம் எங்கே போனது? கணக்குக் கேட்பது என்றேனே, அதுதான்.

1991 மே மாதம் கோரிக்கைக் கடிதம் ஒன்று சுமார் 400 பேர் கையெழுத்தோடு மன்னர் ஃபஹ்திடம் போனது. 1992இல் நஸீஹத் மடல் வந்தது, அது நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்ட நீளமான குற்றப்பட்டியல். அதைக் கண்டித்து அறிக்கை விடும்படி மூத்த உலமா சபையைச் சொன்னார்கள். ஏழு பேர் கையெழுத்துப் போடவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்பதுதான் வெளியே சொன்ன காரணம். ஏழு பேருக்கும் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார் மன்னர்.

அவங்க கேட்டது ஜனநாயகமா, இல்ல இன்னும் கடுமையான ஷரீஅத்தா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

இரண்டில் ஒன்றைச் சொன்னால் பொய்யாகிவிடும். கோரிக்கைக் கடிதத்தைப் பாருங்கள்: சுதந்திரமான ஷூரா (ஆலோசனை) சபை வேண்டும், சட்டத்தின் முன் எல்லாரும் சமம், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டும், பொதுப்பணம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். நம்மூர் எதிர்க்கட்சி அறிக்கை மாதிரியே இருக்கும். அதே ஆட்கள், 1990 நவம்பர் 6 அன்று ரியாத்தில் 47 பெண்கள் கார் ஓட்டிக்காட்டியபோது கொதித்து எழுந்தவர்கள். ஷியாக்களுக்கு எதிராக அவர்களில் சிலர் எழுதியதை இன்று படித்தால் கூசும். அரசின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்து, சமூகத்தின் கடிவாளத்தை இன்னும் இறுக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார்கள். மேற்கத்திய நிருபர்கள் பாதியை மட்டும் எழுதினார்கள், சவூதி அரசும் பாதியை மட்டும் எழுதியது, வேறு பாதியை.

ஒரே ஒருவர் விஷயத்தில் எனக்குத் தயக்கமில்லை. அப்துல்லாஹ் அல் ஹாமித், அரபி இலக்கியப் பேராசிரியர், கவிஞர். 1993 மே மாதம் ஆறு பேர் சேர்ந்து சட்டபூர்வ உரிமைகளைக் காக்கும் குழு ஒன்றை அமைத்தபோது அதில் ஒருவர். குழு சில நாட்களிலேயே தடைசெய்யப்பட்டது. அதன் பேச்சாளர் லண்டனுக்குத் தப்பிப்போய் அங்கிருந்து சவூதிக்கு ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். ஹாமித் ஊரிலேயே இருந்தார். அரசியல் சாசன முடியாட்சி வேண்டும், நீதிமன்றம் திறந்த கதவோடு நடக்க வேண்டும், அமைதியாகப் போராடுவதே ஜிஹாத் என்று எழுதினார், எல்லாவற்றுக்கும் ஹதீஸ் ஆதாரத்தோடு. 2009இல் மனித உரிமைச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 2013இல் 11 வருஷத் தண்டனை. 2020 ஏப்ரலில் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

பின்லாடனும் இவங்களும் ஒரே குட்டையில ஊறின மட்டைதானே?

குட்டை ஒன்றாக இருக்கலாம், மட்டை வேறு. பின்லாடனும் 1990இன் ஃபத்வாவால் கொதித்தவர், அவ்தா, ஹவாலி கைதானதைத் தன் அறிக்கைகளில் சொல்லிக் காட்டியவர். ஆனால் இவர்கள் மன்னருக்கு மனு எழுதினார்கள், அவர் துப்பாக்கியை எடுத்தார். 1999இல் விடுதலையான அவ்தா குண்டுவெடிப்புகளை வெளிப்படையாகக் கண்டித்தார். 2003 மே 12 அன்று ரியாத்தில் குடியிருப்பு வளாகங்களில் குண்டு வெடித்த இரவு எங்கள் அறையில் ஜன்னல் அதிர்ந்தது. காலையில் கடைக்கு வந்த மந்தூப் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நான் 1994 கேஸட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

ஷியாக்கள் பக்கம் என்ன கதை? அவங்களும் இதே கூட்டமா?

கூட்டமே வேறு. கிழக்கு மாகாணத்தில் கதீஃப், அல் அஹ்ஸா பக்கம் இருக்கிறார்கள், எண்ணெய்க் கிணறுகள் இருப்பதும் அங்கேதான். ஜுஹைமான் ஹரமில் இருந்த அதே நவம்பரில், ஈரான் புரட்சியின் சூட்டில், கதீஃபில் ஆஷூரா ஊர்வலம் கலவரமானது. பிறகு 1993இல் ஷேக் ஹசன் அல் ஸஃப்ஃபார் தரப்பு மன்னர் ஃபஹ்தோடு உடன்பாட்டுக்கு வந்து நாடு திரும்பியது. 2003இல் அரசு கூட்டிய தேசியக் கலந்துரையாடலில் ஸஃப்ஃபாரும் சல்மான் அல் அவ்தாவும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் நினைத்தும் பார்க்க முடியாத காட்சி.

ஷேக் நிம்ர் அல் நிம்ர் உடன்பாடு பேசாதவர். 2011 கதீஃப் போராட்டங்களின் முகம். 2012இல் காலில் குண்டடியோடு கைது, 2016 ஜனவரி 2 அன்று மரண தண்டனை. அன்று மொத்தம் 47 பேர், அவர்களில் பெரும்பாலோர் அல் காயிதா வழக்கில் சிக்கிய சுன்னிகள். இரண்டு தரப்பையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் அந்த நாளின் செய்தி. கோபத்தில் தெஹ்ரானில் சவூதித் தூதரகம் எரிந்தது, உறவு 2023 மார்ச் வரை அறுந்து கிடந்தது.

2011ல எகிப்து, துனிசியா எல்லாம் கவுந்துச்சே, சவூதி மட்டும் எப்படித் தப்பிச்சது?

பணம், ஃபத்வா, போலீஸ். மன்னர் அப்துல்லாஹ் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அறிவித்த சலுகைகள் கிட்டத்தட்ட 130 பில்லியன் டாலர்: வீடு, சம்பளம், வேலையில்லாதவருக்கு உதவி. மூத்த உலமா சபை, ஆர்ப்பாட்டம் ஹராம், நஸீஹத்தான் வழி என்று அறிக்கை விட்டது. கூலி உடனே வந்தது, மார்ச் அறிவிப்பில் மார்க்கப் போலீஸுக்கு மட்டும் 200 மில்லியன் ரியால். மார்ச் 11 அன்று கூடச் சொல்லி இணையத்தில் அழைப்பு போனது. ரியாத்தில் கூட்டமே வரவில்லை. வந்த ஒருவர் பிபிசி கேமரா முன் மனதில் பட்டதைப் பேசினார், அவரைக் கொண்டுபோனார்கள். அந்தப் பிப்ரவரியில் சிலர் உம்மா கட்சி என்று நாட்டின் முதல் அரசியல் கட்சியை அறிவித்தார்கள். ஒரு வாரம் போவதற்குள் உள்ளே.

சல்மான் அல் அவ்தா இந்தக் காலத்தில்தான் உண்மையில் மாறினார் என்று நினைக்கிறேன். உரிமைகளும் நிறுவனங்களும் கொண்ட அரசை நோக்கி என்ற தலைப்பில் வந்த மனுவில் கையெழுத்துப் போட்டார். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வேண்டும் என்றது அந்த மனு. 1991இல் ஒரே மூச்சில் கேட்ட இரண்டில், ஒன்றை இப்போது சத்தமாகவும் மற்றதை மெதுவாகவும் சொன்னார்.

பிரதர்ஹுட்டை வீட்டுக்குள்ள வச்சு வளர்த்தவங்களே 2014ல தீவிரவாதிப் பட்டியல்ல போட்டாங்களே, ஏன்?

அகதியாக வந்தவரை வைத்திருப்பது வேறு, பக்கத்து நாட்டில் அவர் ஓட்டில் ஜெயித்து ஜனாதிபதியாவது வேறு. 2012இல் எகிப்தில் பிரதர்ஹுட்காரரான முர்ஸி ஜெயித்தார். ஷரீஅத் பேசிக்கொண்டே தேர்தலும் நடத்தலாம் என்று ஆகிவிட்டால், ஷரீஅத் இருப்பதால் தேர்தல் வேண்டாம் என்று சொல்லிவந்த ராஜ்ஜியத்துக்கு மடியில் நெருப்பு. 2013இல் ராணுவம் முர்ஸியை இறக்கியதும் சவூதி முதல் ஆளாக வாழ்த்தியது, பணமும் கொடுத்தது. 2014 மார்ச்சில் பட்டியல் வந்தது.

சல்மான் அல் அவ்தா ஒரு ட்வீட்டுக்காகவா ஜெயிலுக்குப் போனாரு?

எழுதாத ட்வீட்டுக்காகவும் என்று சொல்ல வேண்டும். 2017 செப்டம்பரில், கத்தாரோடு சண்டை உச்சத்தில் இருந்தபோது, இரு நாட்டுத் தலைவர்களும் போனில் பேசினார்கள் என்று செய்தி வந்தது. மக்களுக்கு நன்மையாகும்படி இறைவன் அவர்களுடைய உள்ளங்களை இணைக்கட்டும் என்று அவ்தா துஆ எழுதினார். உடனே கைது. கத்தாரைத் திட்டும்படி எதிர்பார்க்கப்பட்ட நேரத்தில் திட்டாமல் இருந்ததுதான் குற்றம் என்று அவருடைய குடும்பம் சொல்கிறது. அப்போது ட்விட்டரில் அவரைத் தொடர்ந்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். அரசு வழக்கறிஞர் 37 குற்றச்சாட்டுகளைச் சுமத்தி மரண தண்டனை கேட்டார். விசாரணை தள்ளிக்கொண்டே போனது.

4:59 வசனத்தை வைத்துச் சொன்ன பழைய இலக்கணம் இங்கே மாறிவிட்டதைக் கவனியுங்கள். முன்பெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் விட்டுவிடுவார்கள். இப்போது வாயைத் திறந்து புகழ வேண்டும். ஹவாலியும் 2018இல் கைதானார்.

தப்லீக் ஜமாஅத் அரசியலே பேசாதே. அவங்களை ஏன் 2021ல திட்டினாங்க?

ஊர் ஊராகப் போய் மார்க்கம் சொல்லும் கூட்டம் தப்லீக், நம்மூரில் அதில் 40 நாள் போய்வந்தவர்கள் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். 2021 டிசம்பரில் மார்க்க விவகார அமைச்சகம், தப்லீக்கை எச்சரித்து ஜும்ஆ குத்பாவில் பேசும்படி இமாம்களுக்குச் சொன்னது. ஸலஃபி உலமாக்களுக்கு அவர்கள்மேல் பழைய கசப்பு உண்டு, கொள்கை விஷயத்தில். ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் வேறு: அரசிடம் அனுமதி கேட்காமல் பள்ளிவாசல்களுக்கிடையே ஆட்கள் பயணம் போகும் எந்த வலையையும் இன்றைய ரியாத் விரும்பவில்லை. அரசியல் பேசுகிறார்களா என்பது இரண்டாவது கேள்வி.

1979க்கு முன்னாடி சவூதி சுதந்திரமா இருந்துச்சு, ஜுஹைமானாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு பட்டத்து இளவரசரே சொல்றாரே?

பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மான் சொல்வது பாதி சரி. 1979க்குப் பிறகு கெடுபிடி கூடியது உண்மை. ஜுஹைமானைக் கொன்றுவிட்டு அவர் கேட்டதில் பலவற்றைக் கொடுத்தார்கள், மார்க்கப் போலீஸுக்கும் மார்க்கக் கல்விக்கும் பணம் கொட்டியது. ஆனால் அதற்கு முன் சுதந்திரம் என்றால் சிரிப்புத்தான் வரும். 1960இல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்க முடிவெடுத்தபோது அதை உலமாக்கள் மேற்பார்வையில் விட்டுத்தான் திறக்க முடிந்தது, புரைதாவில் அதற்கும் எதிர்ப்பு. பெண்கள் ரியாத்தில் கார் ஓட்டிய காலம் 1979க்கு முன்பும் இல்லை. டெலிவிஷன் கதையை மேலே சொல்லிவிட்டேன். "எல்லாம் 1979" என்றால் 1744ஐப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அது வசதி.

இப்ப சினிமா வந்தாச்சு, பொம்பளைங்க வண்டி ஓட்டுறாங்க. அப்ப மார்க்க எதிர்ப்பு முடிஞ்சு போச்சுதானே?

தெருவில் முடிந்தது. என் காலத்தில் பத்ஹாவில் பாங்கு சொன்னதும் ஷட்டர் சரசரவென்று இறங்கும். டீக்கடைக்குள் மாட்டிக்கொண்டால் விளக்கை அணைத்துவிட்டு, வெளியே முத்தவாவின் (மார்க்கப் போலீஸின்) ஜிஎம்சி வண்டி நின்று போகும்வரை இருட்டில் சத்தமில்லாமல் டீ உறிஞ்சுவோம். 2016 ஏப்ரலில் முத்தவாக்களின் கைது அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். 2018இல் சினிமா, அதே வருஷம் ஜூன் 24 முதல் பெண்கள் ஓட்டும் கார். அதற்குச் சில வாரம் முன்பு, மே மாதத்தில், கார் ஓட்டும் உரிமை கேட்டுப் போராடிய பெண்களையே கைது செய்தார்கள். ஆலிமோ, பெண்ணியவாதியோ, மேலிருந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம், கேட்டு வாங்கக்கூடாது. 2020இல் வெளிநாடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து எதிர்க்கட்சி ஒன்றை அறிவித்தார்கள், அதில் ஆலிம்களும் ஆலிம்கள் அல்லாதவர்களும் உண்டு. உள்ளே சத்தமில்லை. சத்தமில்லாததை வைத்து நான் எதையும் கணக்கில் எழுதமாட்டேன், 1979 நவம்பர் 19 அன்றும் சத்தமில்லை.

அரசு தன் பங்குக்கு, கல்லாவுக்கு மேல் ஒட்டியதை மெதுவாக மாற்றுகிறது. 2021இல் ஒரு டிவி பேட்டியில், முஹம்மது பின் அப்துல் வஹ்ஹாபே இன்று கப்றிலிருந்து எழுந்து வந்து, தன் எழுத்தையே பிடித்துத் தொங்குவதைப் பார்த்தால் அவரே முதல் ஆளாக மறுப்பார் என்கிற மாதிரி சொன்னார் பட்டத்து இளவரசர். என் அக்கா மகன் இப்போது ரியாத்தில்தான் இருக்கிறான். "பிப்ரவரி 22 லீவு மாமா, எதுக்குன்னு தெரியல" என்றான் போனில். ஸ்தாபக நாள். 2022இல் புதிதாக அறிவித்தது. 1727இல் முஹம்மது பின் சவூத் திர்இய்யாவில் ஆட்சிக்கு வந்ததைக் கொண்டாடுகிறது. அப்துல் வஹ்ஹாபின் மகன் அந்த ஊர் வாசலுக்கு வர அன்றைக்கு இன்னும் 17 வருஷம் இருந்தது.